மறு: மலைச் சுரங்கத்தின் ‘ஆடிட்’டுக்குத் தமிழில் என்ன?

> ‘கிடைமட்டச் சுரங்கவழி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. படித்தவுடன் புரிகிறது.

வணக்கம் ஐயா,

புரிகிறதுதான். ஆனால் ஒரே பத்தியில் நாலு முறை வந்தால் கட்டுரை தாங்காது. அதைவிட எனக்கு உறுத்துவது ‘கிடைமட்டம்’. ஆடிட், அதாவது மலைச்சரிவிலிருந்து பக்கவாட்டில் உள்ளே குடையும் சுரங்கவழி, சரியான கிடைமட்டத்தில் இருப்பதில்லை. வாயை நோக்கி மெல்லிய சரிவு வைத்துத்தான் குடைவார்கள், நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாக. உள்ளே ஊறும் தண்ணீர் தானாக வெளியே ஓடும், கனிமம் ஏற்றிய வண்டியும் அதிகம் தள்ளாமல் உருண்டு வரும். சமவெளிச் சுரங்கத்துக்கு இந்த வசதி கிடையாது. அங்கே செங்குத்தாக இறங்கி, நீரையும் பாறையையும் எந்திரம் வைத்து மேலே இழுக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லையே எழுதினால் போதும் என்றால் அதுவும் முடியாது, ‘ஆடிட்’ என்றதும் பாதிப் பேர் கணக்குத் தணிக்கைக்குப் போய்விடுகிறார்கள்.

நான் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பது வட வேல்ஸில், டோல்கெத்லாய் ஊருக்கு அருகே மலைச்சரிவில் இருக்கும் க்ளோகாய் சுரங்கத்தைப் பற்றி. அது செம்புக்காகத் தொடங்கியது. 1850களில்தான் அங்கே பொன்னும் இருப்பது தெரியவந்தது, 1862இல் பெரிய பரபரப்பு. 1911இல் பெருமளவு வேலை நின்றது. அதுவரை பக்கத்துச் சுரங்கத்தோடு சேர்த்து வந்த பொன் சுமார் 2,400 கிலோ. உலகக் கணக்கில் சிறியது. ஆனாலும் 1923இல் எலிசபெத் போவ்ஸ்-லயனின் (பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் அரசி) திருமண மோதிரத்துக்கு இந்தப் பொன் போனதிலிருந்து அதன் பெயர் அதன் அளவைவிடப் பெரிதாகிவிட்டது.

ஏன் செம்பும் பொன்னும் ஒரே இடத்தில்? அங்கே ஐம்பது கோடி ஆண்டுக்கு மேல் பழமையான, கரி கலந்த கறுப்புக் களிப்பாறை இருக்கிறது. அதைப் பிளந்துகொண்டு குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல்லின் நாளங்கள் (பாறைப் பிளவுகளை நிரப்பிய கனிமப் பட்டைகள்) ஓடுகின்றன. ஆழத்திலிருந்து வந்த சுடுநீர், பிளவுகளில் குவார்ட்ஸையும் செம்பு அடங்கிய சால்கோபைரைட் போன்ற கந்தகக் கனிமங்களையும் படியவிட்டது. பொன் மட்டும் எல்லா இடத்திலும் இறங்கவில்லை. நாளம் அந்தக் கறுப்புப் பாறையைச் சந்திக்கும் இடங்களில்தான் பெரும்பாலும் அகப்படுகிறது. பாறையில் இருந்த கரிப்பொருளோடு வினைபுரிந்ததில் சுடுநீரின் வேதித்தன்மை மாறி, கரைந்திருந்த பொன் வெளியே வந்தது என்பது விளக்கம். அதுவும் கொத்துக் கொத்தாக. ஒரு கொத்து பணத்தைக் கொட்டும், அடுத்த கொத்து வரும்வரை வெறும் வெள்ளைக் கல்லை உடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

(இங்கிலாந்தில் இதே கலப்பு 1568இல் ஒரு பெரிய வழக்கையே கிளப்பியது. செம்பில் பொன்னோ வெள்ளியோ கலந்திருந்தால் சுரங்கம் யாருக்கு? அரசிக்கே என்று தீர்ப்பு வந்தது. அந்த விதியை மாற்ற அடுத்த நூற்றாண்டின் கடைசியில் சட்டம் போட வேண்டியிருந்தது.)

இப்படி நாளத்தைத் துரத்திக்கொண்டு போகிற சுரங்கத்தில் ஆடிட் வெறும் வாசல் அல்ல. அதற்கு மேலே உள்ள அறைகளின் நீர் அது வழியாக வடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தோண்டினால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பம்பை நிறுத்திய நாளிலிருந்து நீர் ஏறும். க்ளோகாயிலும் ஆடிட் மட்டத்துக்குக் கீழே போன பகுதி அப்படித்தான் மூழ்கியது. ஆகவே நம் சொல்லில் வழியும் வேண்டும், நீரும் வேண்டும். ‘நுழைவாய்’, ‘மலைவாய்’ இரண்டையும் இதனால்தான் தள்ளுகிறேன்.

என் பரிந்துரை: சுருங்கை. நிலத்தடி வழி, மூடிய நீர்க்கால் என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குள் கோவலன் நுழையும் இடத்தில் ‘சுருங்கை வீதி’ வருகிறது. காசர்கோட்டுப் பக்கம் மலையைப் பக்கவாட்டில் குடைந்து நீர் எடுக்கும் கிணற்றை இன்றும் சுரங்கம் என்கிறார்கள், ஆக இந்தச் சொற்குடும்பத்துக்கு நீர் புதிதல்ல. சேர்க்கையும் எளிது: சுருங்கைவாய், சுருங்கை மட்டம், நீரை வடிக்க மட்டும் வெட்டியதென்றால் வடிசுருங்கை.

---

> என் பரிந்துரை: சுருங்கை.

வணக்கம். சொல் அழகுதான், ஆனால் எனக்கு ஒரு தயக்கம். கேட்டவுடன் ‘சுருங்குதல்’ நினைவுக்கு வருகிறது. சுரங்கத்துக்கும் சுருங்கைக்கும் ஓர் உகரமும் ஈறும்தான் வித்தியாசம், அச்சுப்பிழை என்று எவராவது ‘திருத்தி’விடுவார்கள்.

---

ஐயா, சுருங்குதல் நினைவுக்கு வந்தால் வரட்டும், ஆளும் வண்டியும் போகிற அளவுக்குத்தானே குடைகிறார்கள். சிலம்பிலோ அது யானை நிரை போகிற வழி! திருத்துகிறவர்கள் பயம் நியாயமானது. கட்டுரையில் முதல் முறை வருமிடத்தில் ‘மலைச் சுருங்கை’ என்று எழுதிவிடுகிறேன், பிறகு வெறும் சுருங்கை. மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அப்புறம், நாளத்தின் போக்கிலேயே குடைவது ஒரு வகை, வெறும் பாறையைக் குறுக்கே வெட்டி நாளத்தைப் போய்த் தொடுவது இன்னொரு வகை. முன்னதை நெடுஞ்சுருங்கை என்றால் நீளமானது என்று எடுத்துக்கொள்வார்களே. நாளச்சுருங்கை, குறுக்குச்சுருங்கை சரிவருமா?