தில்லியில் தை மாசக் கல்யாணம்: பட்டும் கோட்டும் கசங்காம பேக் பண்றது எப்படி?

திருச்சிக்காரர் (கேள்வி)

ரெண்டு பேர், மூணு ராத்திரி, சென்னையிலிருந்து விமானம். ஆளுக்கு 15 கிலோ செக்-இன், 7 கிலோ கையில். மனைவிக்கு முகூர்த்தத்துக்கு அகல ஜரிகை போட்ட காஞ்சிப் பட்டு, ரிசப்ஷனுக்கு சாஃப்ட் சில்க், ஆரி வேலை பண்ண பிளவுஸ் ரெண்டு. எனக்குப் பட்டு வேட்டி, கோட் சூட். ஒரு நாள் ஊர் சுத்த சாதாரண உடுப்பு, குளிருக்கு ஸ்வெட்டர். பெட்டி 24 இன்ச் ஹார்ட் டைப், கூட ரெண்டு கேபின் டிராலி. புடவையை உருட்டலாமா, மடிக்கலாமா? காத்தை உறிஞ்சி எடுக்கிற வேக்குவம் பை வாங்கலாமா? போய் இறங்கினதும் இஸ்திரி போட ஆள் தேடற நிலைமை வரக்கூடாது.

ஜரிகை (பதில்)

புடவையில இருந்து ஆரம்பிக்கிறேன், மத்ததெல்லாம் அப்புறம்.

பட்டு நூல் மேல சுத்தின மெல்லிய உலோகக் கம்பிதான் ஜரிகை. துணி மடிப்பு நிமிர்ந்துடும், உலோகம் நிமிராது. அதனால பீரோவுல இருந்த பழைய மடிப்பிலேயே தூக்கி வைக்காதீங்க. அதே கோட்டுல மேல மேல அழுத்தம் விழுந்தா ஜரிகை அங்கதான் முதல்ல விடும். முழுசா பிரிச்சு, பழைய கோட்டுல இருந்து நாலு விரல் தள்ளி மடிங்க. பெரிசா மடிக்கிறது நல்லது. பெட்டியோட அகலத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு. மடிப்பு கூடக் கூட கசங்கலும் கூடும்.

ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் ஒரு மெல்லிய துணியைச் சுருட்டி வைங்க. பழைய மல் வேட்டி போதும், கைப்பிடி தடிமன் வந்தா சரி. மடிப்பு கூரா விழாம வளைஞ்சு நிக்கும். உருட்டறதா இருந்தா சாஃப்ட் சில்க்கை உருட்டலாம். அகல பார்டர் உள்ளதை உருட்டினா பார்டர் பக்கம் தடிச்சு, உடல் பக்கம் தொளதொளன்னு சுருங்கி நிக்கும்.

கடைசியா ஒரு பருத்தித் துணியில சுத்துங்க. பாலித்தீன் கவர் வேண்டாம், ஈரம் உள்ளயே தங்கி ஜரிகை கறுக்கும். அந்துருண்டை பக்கத்துலயே வரக்கூடாது. சென்ட்டும் அப்படித்தான். கட்டறதுக்கு முன்னாடியே உடம்புல அடிச்சுக்கணும், புடவை மேல அடிக்கிறவங்க அடுத்த வருஷம் பார்டரைப் பாத்து வருத்தப்படுவாங்க.

பிளவுஸ்ல கவனிக்க வேண்டியது கொக்கி. எல்லாக் கொக்கியையும் மாட்டிட்டு, உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு கைக்குட்டை வைங்க. ஆரி வேலையில இருக்கிற கல் பட்டுல உரசினா நூல் இழுத்துக்கும். வெல்க்ரோ வேட்டியா இருந்தா வெல்க்ரோவை ஒட்டிட்டுதான் உள்ள வைக்கணும். திறந்திருந்தா புடவையைப் பிராண்டிடும்.

மடிப்பு (பதில்)

கோட்டுக்குத் தனிப்பை தேவையில்ல. பாக்கெட்டைக் காலி பண்ணுங்க. பட்டன் திறந்திருக்கட்டும். இடது தோளை மட்டும் உள்வெளியா திருப்புங்க. வலது தோளை அதுக்குள்ள நுழைச்சா ரெண்டு தோளும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா உக்காரும், லைனிங் வெளிய வந்துடும். தோள் குழிவுல ஒரு ஜோடி சாக்ஸ் அடைங்க, பேட் நசுங்காது. இடுப்புக்கிட்ட மடிக்கிற இடத்துல ஒரு ஸ்வெட்டரைச் சுருட்டி வெச்சு, அது மேல ஒரே மடிப்பு. டிரை கிளீனிங் கடையில குடுக்கிற மெல்லிய கவருக்குள்ள போட்டா இன்னும் நல்லது, வழுக்கிக்கிட்டு நகரும், ஒரே இடத்துல பிடிச்சுக் கசங்காது. (‘ஜரிகை’ங்கிறவர் மேல சொன்ன பாலித்தீன் எச்சரிக்கை பட்டுக்கு, இது கம்பளிக் கோட்டுக்கு.)

பெட்டியைப் பத்தி. ஹார்ட் டைப் ரெண்டு பாதியா திறக்கும். கைப்பிடிக் கம்பி ஓடற பாதியில மேடும் பள்ளமுமா இருக்கும். அது மேல நேரா சட்டையை வெச்சா கம்பித் தடம் அப்படியே விழும். முதல்ல அந்தப் பள்ளத்தை உள்ளாடை, சாக்ஸ், தெர்மல் வெச்சு மட்டமா நிரப்புங்க. ஷூ சக்கரப் பக்கம், அடிப்பாகம் சுவரைப் பாத்த மாதிரி, பையில போட்டு. ஜீன்ஸ், டி-ஷர்ட் உருட்டி இதே பாதியில. பாரம் இங்க இருந்தாதான் நிமித்தி வெச்சா முன்னால சாயாது. ஜிப் தடுப்பு உள்ள இன்னொரு பாதி புடவை, கோட், வேட்டிக்கு மட்டும்.

பெட்டியில காலி இடம் விடாதீங்க. பாதி காலியா இருக்கிற பெட்டியிலதான் அதிகம் கசங்கும். நிமித்தினதும் எல்லாம் சக்கரத்தை நோக்கிச் சரியும். இடம் மிஞ்சினா சால்வையைச் சொருகி, குறுக்குப் பட்டையை இறுக்குங்க.

நாலு முழம் (பதில்)

வேக்குவம் பை ஸ்வெட்டருக்கு மட்டும். இடம்தான் குறையும், எடை ஒரு கிராம்கூட குறையாது. காட்டன் சட்டையை அதுல போட்டா கசங்கலை அழுத்தி நிலைநிறுத்தித் தரும். பட்டுப் புடவையைப் போடறது பாவம்.

திருச்சிக்காரர்

எங்க ஏரியாவுல ப்ரீ-ப்ளீட்டிங், பாக்ஸ் ஃபோல்டிங் பண்ணித் தர்றாங்க. முகூர்த்தப் புடவைக்கு அது சரியா வருமா? விடிகாலை அவசரத்துல கட்டவும் சுலபம்னு யோசனை.

ஜரிகை

வரும், இந்த மாதிரிப் பயணத்துக்கு அது நல்ல வழிதான். கொசுவமும் முந்தானையும் இஸ்திரி போட்டு செட் ஆகிப் பெட்டி மாதிரி வரும். மூணு விஷயம் சொல்லிக் குடுங்க: குண்டூசி வேண்டாம், கிளிப் போடணும் (ஊசி மேல இஸ்திரி ஓடினா தழும்பு விழும்). ஜரிகை மேல நேரா இஸ்திரி வைக்காம காட்டன் துணி போட்டு, மிதமான சூட்டுல தேய்க்கணும். கொசுவ அளவை கட்டறவங்க இடுப்புக்கும், போடப்போற செருப்பு உயரத்துக்கும் எடுக்கணும். அளவு தப்பினா முழுசா பிரிச்சுதான் கட்டணும், காசு தண்டம். கல்யாணம் முடிஞ்சதும் பிரிச்சுடுங்க, அந்த மடிப்போடயே பீரோவுல போடாதீங்க.

அங்க போய்ச் சுருக்கம் தெரிஞ்சா கோட்டை மட்டும் குளியலறையில சுடுதண்ணி திறந்துவிட்டு ஆவியில கால் மணி நேரம் மாட்டலாம். பட்டுக்கு இந்த வைத்தியம் ஆகாது, சொட்டு பட்டா வட்டமா கறை நிக்கும்.

ரன்வே (பதில்)

எதை எதுல வைக்கிறதுன்னு யாரும் சொல்லல. ஜனவரியில தில்லியில மூடுபனி, விமானம் தாமதமாகும், திருப்பியும் விடுவாங்க. பெட்டி பின்னாடி வர்ற வாய்ப்பும் உண்டு. முகூர்த்தப் புடவை, அதோட பிளவுஸ், உள்பாவாடை, பட்டு வேட்டி, நகை எல்லாம் கேபின் டிராலியில. கனமான ஜரிகைப் புடவை ஒண்ணு 800 கிராம் முதல் 1 கிலோ வரை போகும், காலி டிராலியே 2, 2.5 கிலோ. 7 கிலோவுல கணக்குப் போட்டுப் பாத்தா இடிக்காது. கனமான ஷூவைக் கால்ல போட்டுக்கோங்க, கோட்டைக் கையில மடிச்சு எடுத்துக்கோங்க.

பவர் பேங்க் கையில மட்டும்தான், செக்-இன்ல போட்டா பெட்டியைத் திறக்கச் சொல்வாங்க. 20,000 எம்.ஏ.எச். போட்டிருந்தா 74 வாட்-ஹவர், வரம்பான 100 வாட்-ஹவருக்குள்ள வர்றதால பிரச்சனை இல்ல.

பாட்டில் கசியறதுக்குக் காரணம் பாதி காலியா இருக்கிறது. மேல போகப் போக வெளி அழுத்தம் குறையும், உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு ஷாம்புவைத் தள்ளும். பாட்டிலை அழுத்திக் காத்தை வெளியேத்திட்டு மூடுங்க, மூடிக்கு அடியில ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறையும். அங்க ராத்திரி 7, 8 டிகிரி. குறுகின வாய் பாட்டில்ல கொண்டு போனா குத்திக் குத்திதான் எடுக்கணும், அகல வாய் டப்பி எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, புடவைக்குள்ள போட முழுக்கை தெர்மல் வாங்கினா கழுத்து இறக்கம் பிளவுஸுக்குக் கீழ இருக்கான்னு வீட்டிலேயே போட்டுப் பாத்துடுங்க. இல்லாட்டி கால் தெர்மலும் மேல ஒரு பஷ்மினா சால்வையும் போதும்.