ஈரடுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடில் தங்கிவிடும் சமிக்ஞை: உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஆய்வு மாணவி நான். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்பது சில அணுக்களே தடிமனான தளங்கள் அடுக்கியமைந்த ஒரு குறைக்கடத்தி. அதன் இரண்டு தளங்கள் கொண்ட ஈரடுக்கில் இரண்டாம் ஹார்மோனிக் ஒளியை, அதாவது 900 நானோமீட்டர் லேசர் படும்போது 450 நானோமீட்டரில் வெளிப்படும் நீல ஒளியை, மின்புலத்தால் கூட்டிக் குறைக்க முயன்று வருகிறேன்.

ஓரடுக்கில் இந்த ஒளி இயல்பாகவே வரும். இயற்கையாக அடுக்கிய ஈரடுக்கிலோ ஒரு தளத்தின் பங்கை மற்றொன்று ரத்துசெய்துவிடுவதால், செங்குத்தாக மின்புலம் கொடுத்து அந்தச் சமச்சீரைக் குலைத்தால்தான் ஒளி எழும். அதன் செறிவு மின்புலத்தின் வர்க்கத்தை ஒட்டி உயரும் என்பதுதான் இதன் அழகு.

300 நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடின் மேல் செய்த என் சாதனத்தில் 60 வோல்ட் வரை ஏற்றும்போது எல்லாம் சரியாக நடக்கிறது. ஆனால் மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிய பின்னும் மங்கலான ஒளி தங்கிவிடுகிறது. செறிவு மிகக் குறையும் புள்ளி, ஏற்றும்போது ஓரிடத்திலும் இறக்கும்போது வேறிடத்திலும் அமைவதைப் பார்த்தால், ஆக்சைடின் பரப்பில் மின்னூட்டங்கள் சிக்குகின்றன என்றே நினைக்கிறேன். எங்கள் ஆய்வகம் கடலுக்கு அருகில் இருப்பதால், மாதிரியின் மேல் படியும் ஈரத்தையும் ஒதுக்கிவிட முடியவில்லை.

வெற்றிடத்தில் சூடாக்கினால் போதுமா, அல்லது இருபுறமும் போரான் நைட்ரைடு என்னும் மின்காப்புப் படலம் வைத்து மூடத்தான் வேண்டுமா? மேலும் கீழும் இரண்டு கேட் (மின்னழுத்தம் கொடுக்கும் மின்முனை) அமைத்து, மின்புலத்தின் விளைவையும் எலக்ட்ரான் அடர்த்தியின் விளைவையும் பிரித்தறிந்த அனுபவம் யாருக்கேனும் உண்டா? சென்னையில் க்ளவ் பாக்ஸ் (காற்றும் ஈரமும் புகாத பணிப்பெட்டி) வசதி உள்ளவர்கள் ஒரு நாள் இடம் தந்தால், மாதிரியை நானே எடுத்து வருகிறேன்.