ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாவுக்கு முட்டி வலி: வீட்டுப் பயிற்சியைச் சரியாகச் செய்வது எப்படி?

கூடலூர்ப்பையன்

அம்மாவுக்கு 54 வயது. தேனி மாவட்டம் கூடலூரில் இருந்து விடிகாலை ஜீப்பில் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். ரெண்டு முட்டியிலும் வலி, வலதில் அதிகம். ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் பாடாய்ப் படுத்துகிறது. காலையில் எழுந்ததும் கால் விறைப்பாக இருக்கும், பத்து நிமிஷம் நடமாடினால் விட்டுவிடும். குந்தி எழும்போது 'கடக்' என்று சத்தம். சூடோ சிவப்போ பெரிய வீக்கமோ இல்லை.

எக்ஸ்ரே பார்த்து லேசான தேய்மானம் என்றார்கள். தொடைக்குப் பயிற்சி செய்யச் சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் படம் மட்டும்தான். எவ்வளவு உயரம் தூக்குவது, எத்தனை நொடி பிடிப்பது, வலித்தால் நிறுத்துவதா வேண்டாமா, ஒன்றும் இல்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். வேலையை விட முடியாது. வீட்டில் பாய், போர்வை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவர் இருக்கிறது. இதை வைத்து எப்படிச் செய்வது?

பிசியோ_போடி

தம்பி, விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடுவதும் இறக்கத்தில் வலி கூடுவதும் தேய்மானத்தில் வழக்கமாகப் பார்ப்பதுதான். இறங்கும்போது உடம்பின் எடையை முன்தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டும். வலியும் நீரும் இருக்கிற முட்டியில் அந்தத் தசை பாதி வேலைதான் செய்யும், நாளாக நாளாக மெலியும். அப்புறம் பாரமெல்லாம் மூட்டிலேயே இறங்கும். அதனால் பயிற்சி முட்டிக்கு இல்லை, தொடைக்கும் இடுப்புக்கும்.

முதலில் துண்டு அழுத்தல். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கவும். பாதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, துண்டை நசுக்குகிற மாதிரி முட்டியைக் கீழே அழுத்தி 5 நொடி பிடித்து விட வேண்டும். ஒரு காலுக்கு 10 தடவை, காலையும் மாலையும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முட்டிச் சில்லுக்கு மேலே விரல் வைத்துப் பாருங்கள். தசை கெட்டியாகி, சில்லு கொஞ்சம் மேல்நோக்கி நகர வேண்டும். பிட்டம் மட்டும் இறுகி, தொடை தொளதொளவென்று கிடந்தால் பயிற்சி நடக்கவில்லை என்று அர்த்தம். மூச்சைப் பிடிக்கவே கூடாது, பிரஷர் ஏறும். வாய்விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள், மூச்சு தானாக ஓடும்.

அடுத்தது கால் தூக்கல். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றவும். இன்னொரு காலை முட்டி வளையாமல் நீட்டி, ஏறக்குறைய ஒரு அடி தூக்கி, 5 நொடி நிறுத்தி, மெதுவாக இறக்கவும். மடக்கிய முட்டியின் உயரத்துக்கு மேலே போகவே வேண்டாம். அதிகம் தூக்கினால் நல்லது என்று நினைத்து விருட்டென்று தூக்குகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். தூக்கும்போதே முட்டி லேசாக மடங்குகிறதா? தசைக்கு இன்னும் பலம் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் துண்டு அழுத்தலோடு நிற்கட்டும்.

பக்கவாட்டுத் தசையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்காலை மடக்கி, மேல்காலை நீட்டி ஒரு சாண் மட்டும் தூக்க வேண்டும். கால்விரல் வானத்தைப் பார்க்கத் திரும்பக் கூடாது, முன்பக்கம் பார்த்திருக்கட்டும். சரிவில் நடக்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பிடிப்பது இந்த இடுப்புத் தசைதான். மலை வேலைக்காரர்களுக்கு இது கட்டாயம்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் இதில் பெரிய பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அதனால் முதுகுப் பக்கம் சுவரில் ஒட்டியிருக்கட்டும். உயரம் போதாவிட்டால் இருக்கையில் போர்வையை மடித்துப் போடுங்கள். பாதம் இரண்டும் தோள் அகலத்தில், முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். முன்னே குனிந்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும். திரும்ப உட்காரும்போது மூன்று எண்ணி இறங்க வேண்டும். பலம் வருவது அந்த இறக்கத்தில்தான், தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று எதிரே நின்று பாருங்கள். தொடக்கத்தில் 8 தடவை, ஒரு நிமிஷ ஓய்வு, இன்னொரு 8. வாரம் மூன்று நாள் போதும். சிரமமில்லாமல் 12 வந்த பிறகு மூன்று சுற்று. அதற்கப்புறம் போர்வையை எடுத்துவிடலாம். கால் தூக்கலுக்கு அரைக் கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டலாம்.

வலி பற்றிக் கேட்டீர்கள். பத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று, நான்கு வரை இருந்தால் தொடரலாம். மறுநாள் காலையில் வழக்கமான அளவுக்கு இறங்கியிருந்தால் அளவு சரி. மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ முட்டி பொதபொதவென்று வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

ஏலத்தோட்டம்

பிசியோ சொன்ன பயிற்சியோடு தோட்டத்து வேலைமுறையையும் மாற்ற வேண்டும் தம்பி. ஏலச்செடியில் காய் தூரில், மண்ணை ஒட்டிச் சரத்தில் கிடக்கும். ஒவ்வொரு தூருக்கும் முழுசாகக் குந்தினால் முட்டி எக்கச்சக்கமாக மடங்கும், சில்லுக்கு அடியில் அழுத்தம் அப்போதுதான் மிக அதிகம். மடித்த சாக்கு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு போகச் சொல்லுங்கள். தூரில் அதைப் போட்டு உட்கார்ந்து, வலது காலை நீட்டி வைத்து எடுக்கலாம். சரிவில் மேட்டுப் பக்கம் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்த்துக் காலை நீட்டினால், எழுவதும் சுலபம். அட்டைப்பூச்சி இருக்கும், சாக்கை உதறிவிட்டுப் போடவும். ஒரே நிலையில் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

எழும்போது முழுப் பாரத்தையும் முட்டியில் ஏற்றாமல், ஒரு கையைத் தரையில் ஊன்றி, நல்ல காலால் தள்ளி எழ வேண்டும். நிறைந்த கூடையோடு எழவே கூடாது. எழுந்த பிறகு கூடையை எடுக்கலாம்.

இறக்கத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. வலது முட்டி வலித்தால் கம்பு இடது கையில். பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், அதில் பாரம் குறையாது. நேராக இறங்காமல் கோணல் மாணலாக, சின்ன எட்டாக இறங்கட்டும். ஜீப்பில் இருந்து குதிப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். கம்பியைப் பிடித்துத் திரும்பி நின்று, வலிக்கிற காலை முதலில் தரையில் வைத்து இறங்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில்.

கூடலூர்ப்பையன்

ரொம்ப நன்றி அண்ணே, இருவருக்கும். கம்பு தப்பான கையில்தான் இருந்திருக்கிறது. இன்னும் சில கேள்விகள். முறிவெண்ணெய் தேய்க்கலாமா? முட்டிக்கு மாட்டும் உறை வாங்கவா? மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை அடிக்கடி போடுகிறார்கள், அது சரியா? நடந்தால் இன்னும் தேயும் என்று அப்பா சொல்கிறார்.

செவிலி_குமுளி

மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் தம்பி. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சில பிரஷர் மருந்துகளின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கும். வேலைத்தளத்தில் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று சீட்டோடு போய் டாக்டரிடம் கேளுங்கள். மேலே தடவும் டைக்ளோபினாக் ஜெல் முட்டிக்கு வேலை செய்யும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனாலும் அதையும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

முறிவெண்ணெயோ கொட்டஞ்சுக்காதி தைலமோ வெதுவெதுப்பாகத் தடவி, பத்து நிமிஷம் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கும். அதற்கப்புறம் பயிற்சி செய்தால் கால் இலகுவாக வரும். தேய்ந்ததை எண்ணெய் வளர்த்துவிடாது, சில்லை அமுக்கி உருவவும் கூடாது. உறை மாட்டினால் சிலருக்குத் தைரியம் வரும். வேலை நேரத்தில் மட்டும் போடலாம். விரல் நுழையாத இறுக்கம் வேண்டாம், இரவில் கழற்றிவிட வேண்டும்.

முட்டி சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், அல்லது கால் மடங்கியபடி பூட்டிக்கொண்டால், அல்லது பாரம் வைக்கவே முடியாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீண்டு, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை வாதம், ரத்தப் பரிசோதனை வேண்டும்.

பிசியோ_போடி

நடந்தால் தேயும் என்பது தவறு. மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டை அசைத்து அழுத்தி விடும்போதுதான் மூட்டுநீர் வழியாக அதற்குச் சத்துப் போகிறது. ஓய்வு நாளில் சமதளத்தில் பதினைந்து நிமிஷம் நடக்கட்டும், வாரத்துக்கு வாரம் கூட்டலாம். வலியில்லாத 'கடக்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

உடம்பு கனமாக இருந்தால் எடை குறைவதும் பெரிய உதவி. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் முட்டிக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறையும்.

வித்தியாசம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே பலனில்லை என்று விடுபவர்கள்தான் அதிகம். காய் எடுப்பு மும்முரமான நாட்களில் சாயங்காலம் வந்து நாற்காலிப் பயிற்சி செய்யச் சொல்லாதீர்கள், தொடை ஏற்கெனவே களைத்திருக்கும். அந்த நாட்களில் துண்டு அழுத்தல் மட்டும் போதும், முடிந்தால் கால் தூக்கல். நாற்காலிப் பயிற்சியை வேலையில்லாத நாட்களுக்கும், சீக்கிரம் இறங்கி வரும் நாட்களுக்கும் ஒதுக்குங்கள்.