புதுப்பிப்பு: சூறாவளி அடித்த துறைமுகத்துக்குக் கப்பலிலிருந்து குடிநீர்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஹரிக்கேன் புரட்டிப்போட்ட கரீபியன் துறைமுகத்தில் நிற்கிறோம், கரைக்குக் குடிநீர் தரணும், கலங்கல் தண்ணீரில், கடல்நீரைக் குடிநீராக்கும் எங்கள் ஆர்.ஓ. இயந்திரத்தின் வடிகட்டிகள் உடனுக்குடன் அடைத்துக்கொள்கின்றன.

பலித்தது, வெளிக்கடலுக்குப் போய் நீர் தயாரித்துக்கொண்டு திரும்பச் சொன்ன யோசனை. 20 கடல் மைல் தாண்டியதும் 5 மைக்ரான் வடிகட்டி வெள்ளையாகவே நின்றது. துறைமுகத்தில் அது காப்பி நிறம், டீசல் வாடை வேற. குளோரின் கடைசியில்தான் சேர்க்கணும். முன்னாலேயே போட்டால், உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு போச்சு.

எதிர்பாராதது: தொட்டி நிறைய நீர் இருந்தும் இறக்க முடியவில்லை. எங்கள் ஹோஸ் முனை கரைக் குழாயில் பொருந்தவே இல்லை! ஃபிட்டர் லேத்தில் அடாப்டர் கடைந்து கொடுத்த பிறகுதான் ஓடியது. அவசரத்துக்குக்கூடத் தீயணைப்பு ஹோஸைக் குடிநீருக்கு மாட்டாதீர்கள். கரைத் தொட்டியையும் முதலில் திறந்து பாருங்கள். இங்கே அடியில் சேறு, கழுவவே நேரம் பிடித்தது.