சிவனொளிபாத மலை: முட்டிவலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

மலைக்கோட்டைவாசி (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுறேன். பிப்ரவரி கடைசியில நானும் அம்மாவும் இலங்கை போறோம். கண்டி, நுவரெலியா எல்லாம் நேரம் இருந்தா பார்ப்போம். போறதே சிவனொளிபாத மலைக்காகத்தான்.

அப்பா பிறந்தது மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. தோட்டத் தமிழர்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல குடும்பத்தோட 1972-ல இந்தியா வந்தாங்க. தலைமன்னார்ல கப்பல் ஏறும்போது அப்பாவுக்கு 14 வயசு. அதுக்குள்ள ரெண்டு தடவை அந்த மலை ஏறியிருக்கார். லயத்து வாசல்ல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நின்னா ராத்திரியில மலை மேல விளக்கு வரிசை தெரியும்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டிருந்தார். அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. இப்போ மலை ஏறியே தீரணும்ங்கிறாங்க.

அம்மாவுக்கு 63. சர்க்கரை கிடையாது, பிரஷருக்கு காலையில ஒரு மாத்திரை. வலது முட்டியில தேய்மானம் இருக்கு. வீட்டு மாடிப்படி ஏறுவாங்க, இறங்கும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்குவாங்க. டாக்டர் "மெதுவா நடக்கலாம்"னு மட்டும் சொன்னார். படி எத்தனைன்னு அவர்கிட்ட நான் சொல்லலை.

ஏறினவங்க உள்ளதைச் சொல்லுங்க. இன்னொண்ணு: மேல மணி அடிக்கிறதுல ஏதோ கணக்கு உண்டாமே? அப்பாவுக்காக அம்மா அடிக்கலாமா?

லயத்துப் பையன்:

தம்பி, நான் மஸ்கெலியாக்காரன். உங்க அப்பா பார்த்த அந்த விளக்கு வரிசையைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். எங்க தோட்டத்துல "மலைக்குப் போறோம்"னா அது இந்த மலைதான், வேற பேர் தேவையில்லை. நமக்கு சிவன் பாதம், பௌத்தர்களுக்கு புத்தர் பாதம், முஸ்லிம் ஆட்களுக்கு பாவா ஆதம் மலை. எல்லாரும் ஒரே படியிலதான் ஏறுறோம். இதுவரைக்கும் பதினொரு தடவை ஏறியிருக்கேன்.

முதல்ல டாக்டர்கிட்ட படிக்கணக்கைச் சொல்லுங்க. நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கு மேல படி. உங்க ஊர் மலைக்கோட்டை நானூறு சொச்சம் படிதானே? அதை ஒரே ராத்திரியில பன்னிரண்டு, பதிமூணு தடவை ஏறி இறங்குற கணக்கு. படிகளும் ஒரே உயரம் இல்லை. சிலது ரொம்ப உயரமா இருக்கும், குட்டையான ஆட்கள் கையை ஊன்றித்தான் ஏறணும். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்னா சரியாகிடும். முட்டியை வாங்குறது இறக்கம். வீட்டுப் படியில இறங்கும்போது கைப்பிடி பிடிக்கிறாங்கன்னு சொன்னீங்களே, நான் யோசிக்கிறது அதைப் பத்தித்தான்.

எங்க அம்மா கதையைச் சொல்றேன். முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. கூடையைத் தலையில மாட்டிட்டு சரிவுல ஏறி இறங்கின கால், என்ன ஆகும்னு நினைச்சேன். 2016-ல ஒரு போயா நாள், அதாவது பௌர்ணமி, அதோட சனிக்கிழமை. ராத்திரி ஒன்றரைக்குக் கிளம்பினோம். எல்லாரையும் போல விடியறதுக்குள்ள மேல போயிடணும்னு எனக்கு அவசரம். "வாங்கம்மா, வாங்கம்மா"ன்னு விரட்டிட்டே போனேன். பாதிக்கு மேல கூட்டம் நெரிஞ்சு வரிசை அப்படியே நின்னுடுச்சு. ஒரு படிக்குப் பத்து நிமிஷம். வேர்த்த உடம்புல குளிர் காத்து அடிச்சு அம்மாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. "நீ போய்ட்டு வா"ன்னாங்க. நானும் போனேன். மணி அடிச்சிட்டு இறங்கி வந்து பார்த்தா, ஒரு தேத்தண்ணிக் கடைப் பலகையில கம்பளியை மூடிட்டு உட்கார்ந்திருந்தாங்க. யாரோ ஒரு சிங்கள ஆச்சி சித்தாலேப தைலம் தேய்ச்சு அம்மா காலை மடியில வச்சிருந்தாங்க. அந்த வருஷத்தை நான் என் கணக்குல சேர்க்கிறதில்லை.

அடுத்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கே நல்லதண்ணியில கிளம்பிட்டோம். கடைக்குக் கடை உட்கார்ந்தோம். உச்சிக்கு அரை மணி நேரத்துக்குக் கீழ ஒரு கடையில அம்மா மூணு மணி நேரம் தூங்கினாங்க. அஞ்சு மணிக்கு எழுப்பி ஏத்திட்டேன். சூரியனைப் பார்த்தாங்க. சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கே பார்த்துட்டு நிப்பாங்க. நீங்க அம்மாவை மேற்குப் பக்கம் திருப்புங்க. மலையோட நிழல் முக்கோணமா, கூரான கோபுரம் மாதிரி, கீழே மேகத்து மேல விழும். கொஞ்ச நேரம்தான் இருக்கும், அப்புறம் சுருங்கிடும்.

அதனால நான் சொல்றது: போயா, சனி, ஞாயிறு வேண்டாம். மாலையிலேயே கிளம்புங்க. விடியலைத் துரத்தாதீங்க. டிசம்பர் போயாவுல இருந்து மே மாச வெசாக் போயா வரைக்கும்தான் பருவம், பிப்ரவரியில வழி முழுக்க விளக்கும் கடையும் இருக்கும். அதனால எங்க வேணும்னாலும் நிக்கலாம், எங்க வேணும்னாலும் திரும்பலாம்.

மணி விஷயம்: எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்கணும். அம்மா ஒரு தடவை அடிக்கட்டும். அப்பா தன் கணக்கை அப்பவே அவரே அடிச்சிட்டுத்தான் இறங்கியிருப்பார்.

உங்க அப்பா எந்தத் தோட்டம்? எந்த டிவிஷன்?

வடமராட்சி அக்கா:

நாங்கள் போன வருஷம் பிள்ளையளோட போனனாங்கள். என்ர மனுசன் இரத்தினபுரிப் பக்கத்தால ஏறுவம் எண்டு நிண்டவர். நான் ஒம்படேல்லை. அது கனதூரம், காடும் கூட. தம்பி, வயசான ஆக்களோட ஹட்டன்–மஸ்கெலியா–நல்லதண்ணிப் பாதையை விட்டு வேற யோசிக்காதேங்கோ. 1344-இல மொரோக்கோப் பயணி இப்னு பதூதா இந்த மலைக்கு வந்தபோதே ரெண்டு பாதை இருந்ததாம். ஒண்டு ஆதமின்ர பேரில பாவா பாதை, மற்றது ஏவாளின்ர பேரில மாமா பாதை. லேசான மாமா பாதையால போறவையை ஏறின கணக்கில எடுக்கமாட்டினமாம். இப்ப அப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்லை.

எனக்குச் சொல்லத் தெரிஞ்சது உடுப்புத்தான். ஏறேக்க வேர்த்துக் கொட்டும், ஸ்வெட்டரைக் கழட்டிப்போடுவியள். மேல போனவுடன காத்து எலும்புக்குள்ள போகும். 2,243 மீற்றர் உயரமெல்லோ. அம்மாவுக்கு ஒரு காய்ஞ்ச மேற்சட்டையும் காதுமூடிற தொப்பியும் பொலித்தீன் பையில தனியக் கட்டிக்கொண்டு போங்கோ. மேல போனவுடன முதல் வேலை ஈரச் சட்டையை மாத்திறது. செருப்பும் கழட்டோணும், நிலம் ஐஸ் மாதிரி இருக்கும், ஒரு சோடி தடிப்பான காலுறை மேலதிகமா வையுங்கோ. என்ர சின்னவள் குளிரில அழுதே போனாள். கடைக்காரர் ஒருத்தர் அடுப்படியில இருத்தி இஞ்சி போட்ட பிளேன்ரீ குடுத்தவர், காசு வாங்கேல்லை.

இறங்கேக்க ரெண்டு கையிலயும் தடி இருந்தால் முழங்காலுக்கு நல்லம். பக்கவாட்டிலயும் இறங்கலாம், ஒவ்வொரு படிக்கும் நோகாத கால் பிறகு, நோகிற கால் முதல்.

மலைக்கோட்டைவாசி:

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. முழுசையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கெண்டைக்கால் கதையில நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாங்க.

டாக்டரைப் பார்த்தோம். படிக்கணக்கைக் கேட்டு ஒரு நிமிஷம் பேசலை. தொடை பலப்பட நாலு பயிற்சி எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் செய்யச் சொல்லியிருக்கார். மறுபடி பார்த்துட்டுச் சொல்றேன்னார். அம்மா அதோட நிக்கலை. நாலு நாளா காலையில மலைக்கோட்டை ஏறுறாங்க. நேத்து உச்சிப்பிள்ளையார் வரைக்கும் ஒரே ஒரு இடத்துல உட்கார்ந்தாங்க. இறங்கும்போது மூணு இடம்.

தோட்டத்துப் பேர் அப்பாவோட பழைய பாஸ்போர்ட்ல இருக்கு, உங்களுக்குத் தனிச்செய்தியில அனுப்புறேன். அங்க இப்பவும் லயம் இருக்குதா?

லயத்துப் பையன்:

செய்தி பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச டிவிஷன்தான், லயம் இன்னும் இருக்கு. மலைக்கு முதல் நாள் அங்க போயிடலாம், நான் கூட வர்றேன். ஹட்டன்ல இருந்து வரும்போது மவுசாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டித்தான் பஸ் வரும். அணை கட்டினப்போ பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணிக்குள்ள போயிடுச்சு. தண்ணி வத்தின வருஷங்கள்ல பழைய கோயில் வெளியே தெரியும். உங்க அப்பா சின்ன வயசுல கும்பிட்ட கோயிலா இருக்கலாம்.

அம்மாவுக்கு ஒண்ணு சொல்லுங்க. வழியில சீத கங்குலன்னு ஒரு ஓடை வரும். அங்க முகம் கழுவிட்டு, முட்டி என்ன சொல்லுதுன்னு பார்த்து, அங்கேயே முடிவு பண்ணலாம். அங்கிருந்து திரும்பினாலும் எனக்கு அது மலைக்குப் போனதுதான். அதுக்கும் மேல போனா இந்திகட்டுபான. புத்தர் தன் சீவரத்தை, அதான் துறவி உடையை, தைச்ச இடம்னு சொல்வாங்க. முதல் தடவை வர்றவங்க அங்க ஊசியில நூல் கோத்துக் குத்திட்டு, நூலைப் படி நெடுக விட்டுட்டே ஏறுவாங்க. கைப்பிடிக் கம்பி முழுக்க நூல் சுத்திப் பஞ்சு மாதிரி கிடக்கும்.

மலைக்கோட்டைவாசி:

அப்பா அந்த நூலைப் பத்திச் சொல்லியிருக்காராம். அவரோட அம்மா கையில உருண்டை இருந்துச்சாம், இவர் நுனியைப் பிடிச்சிட்டு முன்னால ஓடினாராம். எனக்கு இது தெரியாது, அம்மா இன்னைக்குத்தான் சொன்னாங்க. எந்த நிற நூல் வாங்கணும்னு கேட்கிறாங்க.

லயத்துப் பையன்:

வெள்ளை. பெரிய உருண்டையா வாங்குங்க.