ஒளி பட்டால் பாக்டீரியாவைக் கொல்லும் நானோ பொருள்: என்ன சொல்லலாம்?

க.: அன்புள்ள குழுவினருக்கு, தொற்றுத் தடுப்பு பற்றிய பாடத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். கைப்பிடி, கட்டில் கம்பி போன்ற பரப்புகளில் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களைப் பூசுகிறார்கள். புற ஊதா ஒளி பட்டதும் துகளில் எலக்ட்ரான் கிளம்புகிறது, அது இருந்த இடம் 'துளை' எனப்படும் காலியிடமாகிறது. இரண்டும் ஆக்சிஜனோடும் நீரோடும் வினைபுரிந்து உண்டாக்கும் தனி உறுப்புகள் (எளிதில் வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) பாக்டீரியாவின் செல்சவ்வைச் சிதைக்கின்றன. இத்தகைய பொருளை 'ஒளிக்கொல்லி' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

ந.: பொருந்தாது. பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்வது, களைக்கொல்லி களையைக் கொல்வது. ஒளிக்கொல்லி? இரண்டாம் வேற்றுமைத் தொகையாகவே ஊறிப்போன அமைப்பில் 'ஒளியால் கொல்வது' என்ற மூன்றாம் வேற்றுமையை யார் உணர்வார்கள்? வள்ளுவரே 'சேர்ந்தாரைக் கொல்லி' என்று உருபை விரித்துத்தான் சொன்னார். ஒளிவினையூக்கி புழக்கத்தில் இருக்கிறது, அதுவே போதும்.

இ.: 'ஊக்கி' அருமையான சொல். கலித்தொகையில் ஊசலில் இருப்பவள் 'ஐய சிறிதென்னை ஊக்கி' என்கிறாள். ஊக்குதல் ஆட்டிவிடுதல். ஆட்டுபவர் நின்ற இடத்திலேயே நிற்க, ஊசல்தான் போய் வருகிறது. வினையூக்கியும் தான் செலவாகாமல் வினையை நடத்துகிறது! உந்து, ஊக்கு இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. ஆனால் நானோ எதற்கு? கிரேக்கத்தில் அதற்குக் குள்ளன் என்று பொருள். நம்மிடம் அதே பொருளில் 'குறள்' இருக்கிறதே. குறள்துகள் எனலாம். பாக்டீரியாவுக்கும் கிரேக்கத்தில் சிறு குச்சி என்று பொருள், அதையும் குச்சியம் ஆக்கிவிடுங்கள்.

ச.: ஐயா, வகுப்பில் குறள்துகள் என்றால் பிள்ளைகள் திருக்குறளைத்தான் நினைப்பார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உருண்டை வடிவம், அதைக் குச்சியம் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? நானோவும் பாக்டீரியாவும் அப்படியே இருக்கட்டும். எனக்கு வேறொரு கவலை. தங்க நானோ தண்டுகள் ஒளியை வெப்பமாக்கி, அந்தச் சூட்டால் பாக்டீரியாவைக் கொல்கின்றன. அங்கே வினையூக்கமே இல்லை. ஒளிவினையூக்கி டைட்டானியத்துக்குச் சரி, மொத்த வகைக்கும் போதாது.

ந.: ஒப்புக்கொள்கிறேன். மொத்த வகைக்கு 'ஒளித்தூண்டல் நுண்ணுயிர்க்கொல்லி' எனலாம்.

இ.: தூண்டல் என்றதும் இயற்பியலின் மின்தூண்டல் குறுக்கே வருமே! குறள்துகளை நான் விடுவதாக இல்லை.

க.: தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ந. சொன்னதற்கே ஆதரவு அதிகம். பாடத்தலைப்பில் ஒளித்தூண்டல் நுண்ணுயிர்க்கொல்லி, டைட்டானியம் வரும் பத்தியில் ஒளிவினையூக்கி என்று இன்றிரவு அனுப்புகிறேன்.

ச.: நுண்ணுயிர்க்கொல்லி என்றால் மாணவர்கள் விழுங்கும் மாத்திரை என்று நினைப்பார்களே. 'பூச்சு' என்ற சொல்லையாவது கூடவே சேருங்கள்.