லைவ் ரெகே பதிவுல அப்படி என்ன இருக்கு? எதுல, எப்படிக் கேக்கணும்?

பொருநைக்கரை:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஜமைக்காவோட ரெகே இசை கேக்குறவங்க பாதிப் பேர் ஸ்டுடியோ ஆல்பத்தை விட்டுட்டு லைவ் பதிவைத்தான் முதல்ல கேக்கச் சொல்லுதாங்க. பாப் மார்லியோட 'நோ வுமன் நோ க்ரை' ரெண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து போட்டுப் பாத்தேன். லைவ்ல கூட்டத்துச் சத்தம் இருக்கு, பாட்டு நீளமா இருக்கு, அதுக்கு மேல ஒண்ணும் பிடிபடல. கேக்குறது போன்லயும் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்லயும்தான். எதைக் கவனிக்கணும், எதுல கேக்கணும்?

இன்னொண்ணு. ஆடியில எங்க ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை. வில்லுப்பாட்டை இதே மாதிரி உசிரோட பதிய வழி உண்டா? நெட்ல கிடைக்குற கொடைப் பதிவுகள்ல குடமே காதுல விழ மாட்டேங்கு.

ஒத்தைத்தட்டு:
தம்பி, முதல்ல தாளத்தைப் பிடிங்க. நாலு நாலா எண்ணுங்க. ராக் பாட்டா இருந்தா ஒண்ணுல கிக் ட்ரம் விழும். ரெகேயோட ஒன் ட்ராப் தாளத்துல அந்த ஒண்ணு காலி. கிக்கும் ஸ்னேர் ட்ரம்மோட விளிம்புத் தட்டும் சேர்ந்து மூணுலதான் விழும். ரெண்டுலயும் நாலுலயும் கிதார் சுருக்குனு வெட்டிட்டு உடனே அமுங்கிடும். ஆர்கன் இடுக்குல கொதிச்சுக்கிட்டே கிடக்கும். மெட்டை இழுத்துட்டுப் போறது பேஸ் கிதார். மொத்தத்துல, ரெகேங்குறது இடம் விட்டு வாசிக்கிற இசை.

அந்தக் காலி இடம் ஸ்டுடியோவுல காலியாவே கிடக்கும். மேடையில கிடக்காது. மண்டபத்துல மோதித் திரும்புற பேஸ், கைதட்டு, கூடப் பாடுற சனம் எல்லாம் அங்க வந்து உக்காரும். நீங்க சொன்ன பாட்டையே எடுத்துக்கோங்க. 1974 'நாட்டி ட்ரெட்' ஆல்பத்துல அதுக்கு ட்ரம் மெஷின்தான் தாளம், நாலு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். லைவ் வடிவம் 1975 ஜூலையில லண்டன் லைசியம் அரங்கத்துல ரோலிங் ஸ்டோன்ஸோட நடமாடும் ஸ்டுடியோ வண்டியை வச்சுப் பதிஞ்சது, ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடும். ட்ரம்ஸ் கார்ல்டன் பாரெட், பேஸ் அவர் அண்ணன் ஆஸ்டன் பாரெட். ஆர்கன் தொடங்கி மார்லி வாயைத் திறக்கும் முன்னாடியே கூட்டம் பல்லவியை எடுத்துரும். அவர் பிறகுதான் அதுக்குள்ள வந்து சேருதாரு. அந்த முதல் நிமிஷத்தை மட்டும் நாலு தடவை கேளுங்க. ஒரு தடவை பேஸ் மட்டும், ஒரு தடவை ஆர்கன் மட்டும், ஒரு தடவை பின்பாட்டுப் பாடுற ஐ-த்ரீஸ் பெண்குரல் மட்டும், கடைசியா கூட்டம் மட்டும். வில்லுப்பாட்டுல புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்துல இருக்குறவங்க 'ஆமா'ன்னு தாங்குவாங்கல்லா? அது இல்லாம கதை நகராது. இங்க அந்த 'ஆமா'வை அரங்கமே சொல்லுது.

மைக்செட்_பாளை:
கோளாறு உங்க காதுல இல்ல, ஸ்பீக்கர்ல. பேஸ் கிதாரோட தடிச்ச கம்பி சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ், அடுத்த கம்பி 55. போன் ஸ்பீக்கர்ல 200-க்குக் கீழ ஒண்ணுமே வராதுன்னு வச்சுக்கிடலாம். கைக்கு அடக்கமான ப்ளூடூத் ஸ்பீக்கர் பெரும்பாலும் 80 பக்கத்துலயே மூச்சு வாங்கும். அப்ப ரெகேயில மிஞ்சுறது கிதார் வெட்டும் குரலும்தான். சாம்பார் வாசனையை மட்டும் பிடிச்சுட்டு வெறுஞ்சோறு தின்ன கணக்கு.

செலவு கம்மியான வழி, காதை முழுசா மூடுற வயர் ஹெட்போன். போன்ல பேஸ் பூஸ்ட் இருந்தா அணைச்சிருங்க. பல போன்கள்ல அது 100லேர்ந்து 200 வரைக்கும்தான் தூக்கும். பேஸ் வராது, மத்தளத்துல ஈரத்துணி போட்ட மாதிரி மொத்தமும் மந்தமாயிரும். ஈக்வலைசர் தொடணும்னா 250 பக்கத்துல 2, 3 டெசிபல் குறைங்க, கூட்டாதீங்க.

ரூம்ல பெரிய ஸ்பீக்கர் வச்சுக் கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம், பல பேர் இதுல ஏமாறுதாங்க. நம்ம வீடுகள்ல பத்துக்குப் பத்து கான்க்ரீட் ரூம் சகஜம். எதிரெதிர் சுவர் பத்தடியில இருந்தா சுமார் 56 ஹெர்ட்ஸ்ல ஒலி நின்னு அதிரும். மேல சொன்ன 55 ஹெர்ட்ஸ் கம்பி அதுலயே போய் விழுது. நீளம், அகலம், உயரம் மூணும் பத்தடின்னா மூணும் ஒரே சுரத்துல கூடும். சுவரை ஒட்டி உக்காந்தா அந்த ஒத்தைச் சுரம் மட்டும் திம்திம்னு முழங்கும். ரூம் நட்டநடுவுல உக்காந்தா அதே சுரம் காணாமப் போகும். "இந்தப் பதிவுல பேஸ் சரியில்ல"ன்னு சொல்றவங்க நாற்காலியை எங்க போட்டிருக்காங்கன்னு முதல்ல பாக்கணும். பின்சுவர்லேர்ந்து மூணே முக்கால் அடியில போடுங்க. ஸ்பீக்கரை மூலையில ஒட்டாம ரெண்டடி முன்னால இழுங்க. தரை டைல்ஸ்னா கலகலப்பு குறைய ஜமுக்காளம் விரிக்கலாம். பத்தமடைப் பாய் அழகுதான், ஆனா மெலிசு, இதுக்கு உதவாது.

நாடாப்பெட்டி:
எல்லா லைவும் நல்ல லைவ் கிடையாதுங்கதையும் சேத்துச் சொல்லணும். மேடை ஒலியைக் கலக்குற மிக்சர்லேர்ந்து நேரா எடுத்ததுல குரல் மூக்குக்கு முன்னால நிக்கும், ட்ரம்ஸும் பேஸும் ஒல்லியா இருக்கும். ஏன்னா சின்ன அரங்கத்துல அந்த வாத்தியங்க தானாவே சத்தமாக் கேக்கும், மிக்சர்ல அதைக் கூட்ட வேண்டிய தேவையே இருந்திருக்காது. கூட்டத்துக்குள்ள நின்னு எடுத்ததுல அரங்கம் இருக்கும், சொல் கலங்கிரும். ரெண்டையும் அளவாக் கலந்ததுதான் முழுசா இருக்கும். கூட்டத்துச் சத்தத்தைப் பிறகு ஒட்டுற வேலையும் நடக்கும். ஒரே விசில் பல பாட்டுல ஒரே மாதிரி திரும்ப வந்தா சந்தேகப்படுங்க.

லைசியத்துக்கு அடுத்து பர்னிங் ஸ்பியர் கேளுங்க, 1977-ல லண்டன் ரெயின்போ அரங்கம், பின்னணியில அஸ்வாத் குழு. அப்புறம் டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ், 1980 செப்டம்பர் 29, ஹாமர்ஸ்மித் பலே. ராத்திரி பதிஞ்சு 24 மணி நேரத்துக்குள்ள இசைத்தட்டா அச்சாகி கடைக்கே வந்துட்டு. உக்காந்து மெருகேத்த நேரம் ஏது? அந்தப் பச்சைத்தன்மைக்காகவே அதை எனக்கு லைசியத்தை விடவும் பிடிக்கும். மார்லியோட கடைசிக் கச்சேரி, 1980 செப்டம்பர் 23, பிட்ஸ்பர்க் ஸ்டான்லி தியேட்டர். 2011-லதான் வெளிவந்துச்சு. அதை முதல்ல கேக்காதீங்க. மத்ததுல காது பழகின பிறகு ராத்திரி தனியா உக்காந்து கேளுங்க.

பொருநைக்கரை:
ஹெட்போன்ல கேட்டேன் அண்ணாச்சி. ஒண்ணு காலியா இருக்குறது இப்பத்தான் புரியுது, பேஸும் வேற பாட்டு மாதிரி இருக்கு. வில்லுப்பாட்டுக்கும் வழி சொல்லுங்க. கையில ஒரு சின்ன ரெக்கார்டரும் ஒரு போனும் இருக்கு.

மைக்செட்_பாளை:
ரெண்டு போதும். குடம் ஏன் விழல? கோயில் குழாய் ஸ்பீக்கர் பேச்சு ஊருக்கு எட்டணும்னு செஞ்சது, அடிச்சத்தம் அதுல வரவே வராது. குடத்துக்குன்னு தனி மைக்கும் பெரும்பாலும் வைக்க மாட்டாங்க, அதுவே சத்தமாத்தான இருக்கு. அதனால மிக்சர்லேர்ந்து எடுத்தாலும் குடம் இருக்காது, குழாய்க்குக் கீழ நின்னு எடுத்தாலும் இருக்காது.

ரெக்கார்டரைக் குழுவுக்கு நேர் முன்னால ஆறடியில, முழங்கால் உயரத்துல, வில்லோட சேத்துக் கட்டின குடத்தைப் பாத்து வைங்க. குழாய் எதுவும் அதுக்கு நேர் பின்னாலயோ தலைக்கு மேலயோ இருக்கக் கூடாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. மணிக்கு ஒரு ஜிபி ஆகும், விடியவிடிய ஓடினாலும் 32 ஜிபி கார்டு தாங்கும். அடிச்சத்தத்தை வெட்டுற லோ கட் அணைஞ்சிருக்கணும், அது இருந்தா குடம் போச்சு. ஆட்டோ லெவலும் அணைஞ்சிருக்கணும். இல்லைன்னா ஒரு வேட்டு போட்டதும் ரெக்கார்டர் பயந்து அளவை இறக்கிரும், அடுத்த ரெண்டு செகண்டு புலவர் குரல் கிணத்துக்குள்ள போயிட்டு மெல்ல ஏறி வரும். கொடைப் பதிவுகள்ல பாதி கெடுறது இதுலதான்.

போனைக் கூட்டத்துக்குள்ள, பெண்கள் உக்காந்திருக்குற பக்கமா வைங்க, பிறகு கலக்கிக்கிடலாம். குழுவுலேர்ந்து 20 மீட்டர் தள்ளி வச்சா ஒலி வந்து சேர சுமார் 57 மில்லிசெகண்டு பிந்தும். அப்படியே கலந்தா குடம் ரெண்டு தடவை அடிச்ச மாதிரி கேக்கும். தொடக்கத்துல குழு பக்கத்துல நின்னு ஒரு தடவை பலமாக் கைதட்டுங்க. எடிட் பண்ணும்போது ரெண்டு கோப்புலயும் அந்தத் தட்டை நேர்படுத்துங்க. ரெண்டு கருவியோட கடிகாரமும் ஒண்ணுபோல ஓடாது, மணிக்கணக்கா ஓடினா கொஞ்சங்கொஞ்சமா விலகும். கதையில இடைவேளை விடுற இடத்துல எல்லாம் இன்னொரு தட்டு தட்டிக்கோங்க. கலக்கும்போது போனோட அளவு ரெக்கார்டரை விட 8, 10 டெசிபல் தாழ இருக்கட்டும்.

மிக்சர்லேர்ந்தும் எடுக்க வாய்ச்சா மைக் ஓட்டையில சொருகாதீங்க, லைன் ஓட்டையிலதான் சொருகணும். மைக் ஓட்டைன்னா அளவை எவ்வளவு குறைச்சாலும் கரகரப்பு போகாது. ரெக்கார்டர் பேட்டரியில ஓடட்டும். ஜெனரேட்டர் கரண்டுல மாட்டினா 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ராத்திரி பூரா கூட வரும்.

குடமும்_வில்லும்:
ஒரு திருத்தம். தொடக்கத்துல புலவர் காப்புப் பாடுறதை வச்சு அளவு வைக்காதீங்க, அது அமைதியான இடம். சாமி வந்து ஆடுறப்ப வில்லு மணியும் குடமும் உச்சத்துக்குப் போகும், அதோட பெண்கள் குலவை போடுவாங்க. பக்கத்துல வச்ச போன்ல அந்தக் குலவை கிழிஞ்சு விழும். அதனால காப்புக்கு மீட்டர் மைனஸ் 24 டெசிபல்ல நின்னாப் போதும், மேல அவ்வளவு இடம் வேணும். குலவையை எடிட்ல வெட்டிராதீங்க. லைசியத்துக் கூட்டம் பல்லவியை எடுத்துச்சுன்னு மேல சொன்னாங்கல்லா, இங்க அது குலவைதான்.

அதே கொடையில கணியான் கூத்தும் இருந்தா ரெண்டு மகுடப் பறையில உச்சம்ங்குறது ஒரு பக்கம், மந்தம்ங்குறது ஒரு பக்கம் விழுற மாதிரி ரெக்கார்டரை நடுவுல வைங்க. ரெண்டும் பேசிக்கிடுறது அப்பத்தான் பிரிஞ்சு கேக்கும். அவங்க நின்னு, நகந்து ஆடுவாங்க. அதனால எட்டடி தள்ளி, நெஞ்சு உயரத்துல. புலவர்கிட்டயும் கணியான்கிட்டயும் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கோங்க. பதிவுல ஒரு பிரதியைப் பெண்ட்ரைவ்ல போட்டு மறுநாளே அவங்க கையில குடுத்துருங்க.